ஏழாம் வகுப்பில் ஜப்பான் சண்டை

பாடப்புத்தகத்தில் இரண்டாம் உலகப் போருக்கு ஒரு முழுப் பாடமே ஒதுக்கியிருந்தார்கள். ஹிட்லரின் மீசைக்கு ஒரு பக்கம், அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கியதற்கு ஒரு பக்கம், ரஷ்யாவின் பனிக்கு இரண்டு பக்கம். மணிப்பூருக்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியையும் அச்சகத்தான் ஒரு பீரங்கிப் படத்துக்குக் கீழே நசுக்கிவைத்திருந்தான்.

பிரமோதினிக்கு வருஷா வருஷம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடம் நம்போலுக்குத் தெற்கே, டிட்டிம் ரோட்டை ஒட்டி இருந்தது. பின்பக்கம் இருந்த குளம் யாரும் வெட்டிய குளம் இல்லை, குண்டு விழுந்த பள்ளம். மழைக்காலத்தில் பையன்கள் அதில்தான் மீன் பிடித்தார்கள். வயலில் ஏர் ஓட்டினால் இன்றைக்கும் துருப்பிடித்த இரும்புத்துண்டு ஏதாவது கொழுவில் மாட்டும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இரண்டாம் உலகப் போர் எங்கே நடந்தது?" என்ற கேள்விக்கு வகுப்பே சேர்ந்து "ஜெர்மனியில்" என்று எழுதிவைத்திருந்தது. ஒரு பையன் மட்டும் "ஜெர்மனியிலும் டிவியிலும்" என்று எழுதியிருந்தான். அவனுக்காவது பாதி மார்க் போடலாமா என்று அவள் யோசித்தாள்.

அவள் மொய்ராங்கில் பிறந்தவள். ஐந்து பெண்களில் நாலாவது. வரலாற்றில் எம்.ஏ. முடித்து, கல்லூரி வேலை வரும் வரும் என்று காத்திருந்து, அது வராமல் போனதும் இந்தப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் நடத்த வந்து சேர்ந்தாள். புருஷன் நீலமணிக்கு மின்சார வாரியத்தில் வேலை. ஊரில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் அதிகம் என்பதால், அவளைப் பார்க்கிற யாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒரே மகன் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் அவளை 'ஓஜா' என்றுதான் கூப்பிட்டார்கள், வாத்தியார்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. வகுப்பில் அவள் குரல் ஏறினால் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் தன் பாடத்தை நிறுத்திவிடுவார். கத்தி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் இம்பாலில் பாவ்னா பஜார் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் அவள் கண்ணில் பட்டது. மெல்லிசான புத்தகம், மஞ்சள் அட்டை, மணிப்புரி மொழியில். இம்பால் பையன் ஒருவனின் குடும்பம், ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டபோது என்ன பாடுபட்டது என்பதுதான் கதை. நின்றபடியே பாதியைப் படித்தாள். படித்ததும் முடிவு செய்துவிட்டாள், இந்த வருஷம் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைத்தான் வாசிப்பது என்று.

தலைமையாசிரியர் குலவிதுவுக்கு இது பிடிக்கவில்லை. "கதைப் புத்தகமா? சோஷியல் பீரியட்லயா? தமாஷ் பண்றீங்களா ஓஜா?"

"நம்ம ஊர்ல நடந்த சண்டை சார் அது. பசங்களுக்கு அது தெரியவே தெரியாது."

"பரீட்சைல குதிரை, கோழின்னு எழுதிட்டு வந்தா நான் பொறுப்பில்ல."

குதிரை என்று அவர் வாயில் எப்படி வந்ததோ, அது அவருக்கே வெளிச்சம். அப்போதைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாசிப்பு ஆகஸ்டில் தொடங்கியது. முதல் அத்தியாயத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தெருவில் லாரி ஓட்டிப் போவார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் சிப்பாய்கள் வந்து வீட்டைச் சோதனை போடுவார்கள். இங்கேயாவது பயப்படுவார்கள் என்று அவள் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "இதுல என்ன இருக்கு ஓஜா? போன மாசம் எங்க தெருவுலயும் பட்டாளம் வந்து சோதனை போட்டுச்சு" என்றான்.

"எங்க தெருவுல ரெண்டு தடவ!" என்றாள் இன்னொருத்தி, பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாம் அத்தியாயத்தில் பாதி வந்தபோது பந்த் அறிவித்தார்கள். பந்த் முடிந்து பள்ளி திறந்தபோது மூன்றாவதில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை, திரும்ப வாசித்தாள். மிச்சப் பாதியை வாசித்த நாளில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் வண்டிகள் ஓடவில்லை. பாதிப் பேர் வரவில்லை. வராதவர்களுக்காக அதையும் இன்னொரு தரம் வாசித்தாள். பள்ளிக்கூட வரலாற்றிலேயே இவ்வளவு மெதுவாக யாரும் உலகப் போர் நடத்தியிருக்க மாட்டார்கள்.

நாலாம் அத்தியாயத்தில்தான் குண்டு விழும். ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு எல்லாரும் கூடியிருக்கிற வேளை. பையனின் மாமா சாவார், சின்னத் தங்கச்சி சாவாள், தெருவில் பாதிப் பேர் சாவார்கள். மிச்சமிருப்பவர்கள் கட்டின துணியோடு ஓடுவார்கள். பிரமோதினி கடைசி வரியை மெதுவாக வாசித்தாள். முடித்து நிமிர்ந்தாள். வகுப்பு கப்சிப். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அப்பாடா, உறைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

முன் பெஞ்சில் லிந்தோய் கையைத் தூக்கினாள்.

"ஓஜா, அந்தக் குதிரை என்னாச்சு?"

"எந்தக் குதிரை?"

"மாமரத்துல கட்டிவெச்சிருந்தாங்களே, வெள்ளை மட்டக்குதிரை. அவுத்து விட்டாங்களா இல்லயா?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். உண்மைதான். அத்தியாயத்தின் தொடக்கத்தில், 'மாமரத்தடியில் மாமாவின் வெள்ளை மட்டக்குதிரை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது' என்று ஒரு வரி. அதோடு சரி. எழுதினவர் குதிரையைக் கட்டிவைத்துவிட்டு மறந்துபோயிருந்தார்.

"அதப் பத்தி எழுதல. முக்கியமில்ல அது."

"முக்கியமில்லயா?" லிந்தோயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெம்பெம் எழுந்தே விட்டாள். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. "குண்டு விழுறப்போ கயித்துல கட்டியிருந்தா அது எங்க ஓஜா ஓடும்?"

அவ்வளவுதான். வகுப்பு முழுக்க எழுந்துகொண்டது. கயிறு அறுந்திருக்கும் என்றான் ஒருத்தன். மட்டக்குதிரை பல்லால் கடித்தே அறுத்துவிடும் என்றான் போலோ ஆடுகிறவன் மகன். மாமரம் எரிந்திருந்தால் கயிறும் எரிந்திருக்குமே என்றாள் ஒருத்தி. மூக்கை உறிஞ்சிய பெண்ணைக் கேட்டபோது அவளும் குதிரைக்காகத்தான் அழுதிருந்தாள்.

"ஒரு தெருவே செத்துப்போச்சு!" பிரமோதினி மேசையில் ஓங்கி அடித்தாள். "சின்னக் குழந்தை செத்துப்போச்சு! அதக் கேக்க ஒருத்தருக்கும் வாயில்ல. குதிரையாம் குதிரை!"

"குழந்தை செத்துப்போச்சுன்னுதான் புஸ்தகத்துலயே போட்டிருக்கே ஓஜா" என்றாள் லிந்தோய் பணிவாக. "குதிரைக்குத்தான் ஒண்ணும் போடல."

மறுநாள் கரும்பலகையில் யாரோ குதிரை வரைந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் அதன் மேல் யாரோ கயிறு வரைந்திருந்தார்கள், மூன்றாம் நாள் இன்னொருத்தர் கயிற்றை அழித்திருந்தார்கள். எழுதினவரையே கேட்கலாம் என்றால் அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நீலமணியிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் இருட்டில் கருவாட்டு எரோம்பாவைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டபடியே முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, "சரி, குதிரை என்னதான் ஆச்சு?" என்றார்.

"நீங்களுமா!"

"தெரிஞ்சுக்கக் கேட்டேன்."

"முதல்ல கரண்ட் என்னாச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

மறுநாள் வகுப்பில் அவள் பொறுமை போய்விட்டது. "நான் சொல்றதக் கேக்க மாட்டீங்க இல்ல? போங்க. போய் உங்கவுங்க வீட்ல கேளுங்க. ஜப்பான் சண்டை நடந்தப்போ வீட்ல இருந்த ஆடு, மாடு, குதிரை எல்லாம் என்னாச்சுன்னு விசாரிச்சுட்டு வாங்க. அதான் வீட்டுப்பாடம்." ஒழிந்துபோங்கள் என்கிற மாதிரித்தான் சொன்னாள். பத்துப் பேர் கேட்பார்கள், மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாள்.

ஒருவரும் மறக்கவில்லை. திங்கட்கிழமை ஒவ்வொருத்தரும் வாய் நிறையக் கதையோடு வந்தார்கள். ஒரு வீட்டு வாத்துகள் குண்டுச் சத்தத்தில் ஆறு மாசம் முட்டையிடவில்லையாம். ஒரு வீட்டு நாய் வெள்ளைக்காரர்களோடு போய்விட்டதாம், போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஒரு எருமை பதுங்குகுழிக்குள் விழுந்து, உள்ளே இருந்த இரண்டு சிப்பாய்களும் வெளியே ஓடிவந்தார்களாம், அவர்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்பதில் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே சண்டையாம். பிரமோதினி தன்னையறியாமல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் ஏழாம் வகுப்பு தானாக வாயைத் திறந்து வரலாறு பேசி அவள் பார்த்ததில்லை.

லிந்தோய் எழுந்தாள். "எங்க வீட்ல ஒரு காளை இருந்துச்சாம் ஓஜா. பெரிய கொம்பாம். சண்டை பக்கத்துல வந்ததும் எங்க வீட்ல எல்லாரும் ஏரிப்பக்கம் சொந்தக்காரங்க வீட்டுக்கு ஓடிட்டாங்களாம். காளைய பக்கத்து வீட்ல ஒப்படைச்சுட்டுப் போனாங்களாம். திரும்பி வந்து பாத்தா காளை இல்லயாம். அவங்க அதச் சிப்பாய்களுக்குக் கறிக்கு வித்துட்டாங்களாம்."

"அடப்பாவமே. எந்தப் பக்கத்து வீடு?" என்று பிரமோதினி கேட்டாள். வாயிலிருந்து தானாக வந்துவிட்ட கேள்வி அது.

லிந்தோய் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கையிலிருந்த பென்சிலால் தன் பக்கத்தில் காட்டினாள். "இவ வீடுதான்."

மீன் தின்னலாம், மாட்டைத் தொடக்கூடாது என்கிற அந்த ஊர் வைஷ்ணவக் குடும்பத்தைப் பார்த்து மாட்டைக் கறிக்கு விற்றவர்கள் என்று சொன்னால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பெம்பெமுக்குப் பன்னிரண்டு வயதுதான், ஆனாலும் அது தெரிந்திருந்தது. ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து லிந்தோயின் தலையில் ஒன்று வைத்தாள். பாக்ஸ் திறந்து காம்பஸும் அளவுகோலும் சிதறின. பிரிக்கப் போன பிரமோதினியின் முழங்கையில் ஒரு கீறல் விழுந்தது.

மறுநாள் காலை பெம்பெமின் அம்மா தம்பால் வந்துவிட்டாள். நம்போல் சந்தையில் மீன் விற்கிறவள். மீன் கூடையோடு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்து, கூடையை மேசைமேல் வைத்தாள். அவள் பின்னால் புருஷன் தோம்பா, தச்சு வேலைக்காரர், வாசலிலேயே நின்றார். லிந்தோயின் அப்பா ஜுகிந்திரோவுக்கு ஆள் அனுப்பினார்கள். நெல் மில் வைத்திருப்பவர். தவிடு அப்பின சட்டையோடு அவரும் வந்தார்.

"எங்க வீட்ட மாட்டுக்கறி வித்த வீடுன்னு சொல்லிக்குடுத்து அனுப்பினது யாரு? நீங்களா?" என்றாள் தம்பால்.

"நான் சொல்லல. எங்க வீட்ல எப்பவும் சொல்றதுதான். புள்ளை கேட்டுச்சு, சொன்னோம்" என்றார் ஜுகிந்திரோ.

"எப்பவும் சொல்றதா! பாத்தீங்களா சார்? எப்பவும் சொல்றாங்களாம்! வேலிக்கு இந்தப் பக்கம் சிரிச்சுச் சிரிச்சு ஊறுகா வாங்கிட்டுப் போறது, அந்தப் பக்கம் போய் இதச் சொல்றது!"

"காளைய ஒப்படைச்சோமா இல்லயா? அதச் சொல்லுங்க முதல்ல!"

குலவிது பிரமோதினியைத் திரும்பிப் பார்த்தார். நான் அன்றைக்கே சொன்னேனே என்பது அந்தப் பார்வையில் முழுசாக எழுதியிருந்தது. மீன் கூடையிலிருந்து தண்ணீர் ஒழுகி வருகைப்பதிவேட்டின் ஓரத்தை நனைத்தது. அவர் பதிவேட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" பிரமோதினி கத்தினாள். "அறுபது வருஷத்துக்கு முந்தின காளை! உங்க யாருக்காவது அது எப்படி இருக்கும்னு தெரியுமா? பாத்திருக்கீங்களா? அதுக்காக ரெண்டு புள்ளைங்க மண்டைய உடைச்சுக்குது!"

"தெரியாதுதான்" என்றார் ஜுகிந்திரோ. "ஆனா காளை எங்களோடது."

அப்போதுதான் வாசலில் நின்ற தோம்பா பேசினார். அந்த மனுஷன் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை, அதனால் எல்லாரும் திரும்பினார்கள்.

"காளைய மட்டுமா தாமோ கூட்டிட்டுப் போனாங்க?" என்று அவர் ஜுகிந்திரோவிடம் கேட்டார். அண்ணனைக் கூப்பிடுகிற முறையில்தான், மெதுவாக. "எங்க பாட்டி அப்போ நிறைமாசம், அதான் எங்க வீட்ல யாரும் ஓட முடியல. ஜப்பான்காரங்க வந்து காளைய அவுத்தாங்க. மலைக்குக் குண்டுப்பெட்டி ஏத்தணுமாம். உங்க காளை வேத்தாள் கைக்கு அடங்கல. முட்டிருச்சு. யார் கைக்கு அடங்கும்னு கேட்டாங்க. எங்க தாத்தா கையில கயித்தக் குடுத்து அவரையும் கூட்டிட்டுப் போனாங்க. காளையும் வரல. அவரும் வரல."



"அவரு... காலராவுல போயிட்டாருன்னுதான் எங்க வீட்ல சொல்லுவாங்க" என்றார் ஜுகிந்திரோ.

"யாரு சொன்னா?"

ஜுகிந்திரோ யோசித்தார். "தெரியல. சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

"உடம்பு கிடைக்கல. எங்கப்பாவுக்கு அப்போ ஒம்பது வயசு. மரக்கட்டைய உடம்பா வெச்சு எரிச்சாங்க. அவருதான் கொள்ளி வெச்சாரு."

தம்பால் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "மூணு தலைமுறையா காளையக் கேட்டீங்க. அந்த மனுஷன் எங்கன்னு வேலிக்கு மேல எட்டிப் பாத்து ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்பவும் ஓஜா என்ன வீட்டுப்பாடம் குடுத்தாங்க? மாட்டப் பத்தித்தான!"

கடைசி வார்த்தை பிரமோதினிக்கானது. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர்கள் போனதும் குலவிது ஈரமான பதிவேட்டை விசிறிபோல ஆட்டிக் காயவைத்தபடி சொன்னார்: "இனிமே வீட்ல போய்க் கேட்டுட்டு வாங்கற வீட்டுப்பாடமே கூடாது. சொல்லிட்டேன். அடுத்து யாராவது நிலத்தக் கேட்டுட்டு வருவாங்க."

லிந்தோய் மூன்றாவது பெஞ்சுக்கு மாறினாள். பெம்பெம் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். பிரமோதினி ஐந்தாம் அத்தியாயத்தை வாசித்தாள், ஆறாவதையும் வாசித்தாள். குதிரை வரவே இல்லை. பிள்ளைகள் குதிரையைக் கேட்பதையும் விடவில்லை. ஆனால் இப்போது ஓடிப்போகிறவர்கள் கூட்டத்தில் புத்தகம் பேர் சொல்லாமல் விட்ட ஒவ்வொருத்தரையும் சேர்த்துக் கேட்டார்கள். அந்த லாரி டிரைவர் யார், வீட்டைப் பூட்டாமல் போன கிழவர் திரும்பினாரா, மூட்டை தூக்கினவனுக்குச் சோறு போட்டார்களா. ஒரு பக்கம் வாசிக்க ஒரு பீரியட் போனது. அரையாண்டுப் பரீட்சை கழுத்துக்கு வந்துவிட்டது. மற்ற வகுப்புகள் பாடத்தை முடித்துத் திருப்புதல் நடத்திக்கொண்டிருந்தன.

லாங்பான் மாசம் பிறந்து, வீடுகளில் செத்தவர்களுக்குப் படைக்கத் தொடங்கினபோது, ஒரு சாயங்காலம் ஜுகிந்திரோ பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிரமோதினி குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஓஜா, ஒரு உதவி. அந்தத் தோம்பாவோட தாத்தா... அவரு பேரு என்னன்னு தெரியுமா? எங்க வீட்ல கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. காளையோட பேரு எல்லாருக்கும் தெரியுது."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட மெதுவாக் கேட்டு..."

அன்றைக்கு அவள் நாலு வகுப்பு எடுத்திருந்தாள், கடைசி வண்டியும் போய்விட்டிருந்தது. "உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு மூங்கில் வேலி!" என்று வெடித்தாள். "நான் இங்கேருந்து நம்போல் போய்ச் சேரணும், நடந்து! நடுவுல நான் என்ன தபால்காரியா? வேலியச் சுத்திப் போய்க் கதவத் தட்டி நீங்களே கேளுங்க!"

ஜுகிந்திரோ மழையில் தலையைக் குனிந்தபடி நின்றார். பிறகு, "நம்போல் வரைக்கும் மில் வண்டியில விட்டுர்றேன் ஓஜா" என்றார். அவள் ஏறிக்கொண்டாள்.

மிச்சத்தைச் சந்தையில் தம்பால் மீனை வெட்டிக்கொண்டே சொன்னாள். "வந்தாரு உங்க ஜுகிந்திரோ. பூசணிக்காயும் வாழைப்பழமும் எடுத்துட்டு. வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாரு. பேரக் கேட்டாரு. 'அமுதோ'ன்னு சொன்னாரு எங்க வீட்டுக்காரரு. படைக்கறப்போ உள்ள வந்து உக்காந்தாரு, அந்தப் பேரச் சொல்லிக் கும்பிட்டாரு, சாப்பிட்டாரு, போனாரு."

"அப்போ எல்லாம் சரியாப் போச்சா?"

"என்ன சரியாப் போச்சு?" கத்தி பலகையில் சத்தமாக இறங்கியது. "வேலியோரம் அவங்க மூங்கில் எங்க கூரைல சாயுது, வெட்டுங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். வெட்டினாரா? பெரிய மீன் எடுத்துக்கறீங்களா ஓஜா, சின்னதா?"

அடுத்த திங்கட்கிழமை பிரமோதினி வகுப்புக்குள் நுழைந்தபோது லிந்தோய் மூன்றாவது பெஞ்சில் இல்லை. முன் பெஞ்சில் இரண்டு தலைகளும் ஒட்டியிருந்தன. அவள் புத்தகத்தைப் பிரித்தாள். வாசிக்க ஆரம்பித்ததும் அந்த இரண்டு தலைகளும் குசுகுசுவென்று தொடங்கின. நிறுத்தினாள், நின்றது. வாசித்தாள், மறுபடி தொடங்கியது. ஒரு மாசம் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அன்றைக்கே பேசி முடித்துவிடுவது என்ற முடிவில் இருந்தார்கள் போலிருந்தது. புதன்கிழமை வரை பொறுத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை காலை, முதல் வரியை வாசித்து முடிக்கும் முன்னே பெம்பெமின் சிரிப்புச் சத்தம் கேட்டதும், லிந்தோயைப் பையோடு எழுப்பிக் கொண்டுபோய் மூன்றாவது பெஞ்சில் அவளே உட்காரவைத்தாள்.